விளிம்பில் மிகுந்த கண்ணிகள்

கம்பளி நூலில் பின்னிய ஒரு சிறு பூ. குறுக்களவு ஆறு சென்டிமீட்டர் இருக்கும். நடுவில் ஒரு பித்தான், முதுகில் ஓர் ஊக்கு. குளிர்நாடுகளில் மேல்கோட்டின் கழுத்தோரத்தில் குத்திக்கொள்வார்கள். நம் ஊரில் சேலைத் தலைப்பைத் தோளில் நிறுத்தவும் ஆகும். ஸ்வெட்டர் பின்னி மீந்த நூலில் ஒரு மாலைப்பொழுதுக்குள் முடித்துவிடக்கூடிய வேலை. ஆனால் அந்தப் பூவின் இதழ் விளிம்பு ஏன் அலை அலையாக எழுந்து நிற்கிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இரண்டாயிரம் ஆண்டுகள் கணித மேதைகளைத் திணறவைத்த ஓர் இடத்தில் கொண்டுபோய் விடும்.

முதலில் செய்முறை. 4 மி.மீ. பருமனுள்ள பின்னல் ஊசியில் 72 கண்ணிகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு வரிசை சாதாரணமாகப் பின்ன வேண்டும். மூன்றாம் வரிசையில் இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் 36 மிஞ்சும். இன்னும் இரண்டு வரிசை போனபின் மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்தால் 18. ஒரு வரிசை விட்டு மறுபடி சேர்த்தால் 9. ஒரு முழ நூலை மிச்சம் விட்டு அறுத்து, தையல் ஊசியில் கோத்து, அந்த ஒன்பது கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி இழுத்துச் சுருக்க வேண்டும். பட்டையாகத் தொங்கிய துணி அப்போது வட்டமாகத் திரண்டுகொள்ளும். இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால் பூ தயார்.

இந்தக் குறிப்பில் எங்குமே இதழை வளை, விளிம்பை மடி என்ற சொல் இல்லை. எண்ணு என்பது மட்டும்தான் இருக்கிறது. கையால் எதையும் வடிக்காமல் எண்ணிக்கையிலிருந்தே ஒரு வடிவம் புறப்பட்டு வருவதுதான் பின்னல் கலையில் என்னை மிகவும் ஈர்ப்பது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பருமனுள்ள நூலில் ஒரு கண்ணி ஏறத்தாழ 5 மி.மீ. அகலமும் 3.5 மி.மீ. உயரமும் இருக்கும். ஆகவே 72 கண்ணிகள் கொண்ட வெளிவிளிம்பின் நீளம் 36 செ.மீ. மையத்திலிருந்து விளிம்புவரை எட்டு வரிசையும் சொச்சமும், அதாவது சுமார் 3 செ.மீ. ஆரம் 3 செ.மீ. உள்ள தட்டையான வட்டத்தின் சுற்றளவு 18.8 செ.மீ. மட்டுமே. 38 கண்ணிகள் போதுமான இடத்தில் 72 கண்ணிகள் வந்து நிற்கின்றன. ஐந்தரை மீட்டர்ச் சேலையை இடுப்பளவுக்குள் அடக்கக் கொசுவம் வைப்பதுபோல, மிகுந்துபோன நீளம் மடிப்பாக மாறித்தான் தனக்கு இடம் தேடிக்கொள்ள முடியும். கொசுவத்தை விரல்கள் வைக்கின்றன. பூவின் மடிப்புகளையோ யாரும் வைப்பதில்லை. தட்டையாகக் கிடக்க வழியில்லாத விளிம்பு மேலும் கீழுமாகத் தானே ஏறி இறங்கிவிடுகிறது.

அதே எட்டு வரிசையை 38 கண்ணியில் தொடங்கிச் சீராகக் குறைத்துக்கொண்டு வந்தால் தட்டையான வில்லை கிடைக்கும். 24-இல் தொடங்கினால் விளிம்புக்கு நீளம் போதாமல் துணி உட்குழிந்து கிண்ணமாகும். கிண்ணம், தட்டு, பூ மூன்றையும் பிரிப்பது ஓர் எண்தான்.

ஒற்றைக் கொக்கியால் குரோஷா போடுகிறவர்களுக்கு இது விரல்நுனிப் பாடம். சாதாரண குரோஷா கண்ணி ஏறக்குறையச் சதுரமானது. அகலமும் உயரமும் ஒன்றே. வட்டமாகத் தட்டையாக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணிகள் கூட்ட வேண்டும் என்பது அவர்களின் வாய்ப்பாடு. ஏன் ஆறு? ஆரம் ஓர் அலகு கூடும்போது சுற்றளவு 2π, அதாவது 6.28 அலகு கூடுகிறது. அந்த 6.28-இன் முழு எண்தான் கையில் இருக்கிறது. பை என்ற எண்ணைப் பள்ளியில் படிக்காத பாட்டிகள்கூட மேசை விரிப்பு போடும்போது அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல் வல்லுநர், சுற்றளவும் ஆரமும் ஒரே விகிதத்தில் வளர்வதை வைத்தே, ஆரம் இரட்டிக்கும்போதெல்லாம் கண்ணிகளையும் இரட்டிக்கச் சொல்லும் ஒரு சால்வையை அமைத்தார். அதன் பெயரே பை சால்வை.

கிண்ணம், தட்டு, பூ என்ற இந்த மூன்று நிலைகளையும் கணிதத்தில் துல்லியமாகப் பிடித்தவர் ஜெர்மானியர் கார்ல் ஃபிரெடரிக் காஸ். 1827-இல் அவர் எழுதியதன் சாரம் இது: ஒரு பரப்பு வளைந்திருக்கிறதா என்று அறிய வெளியே நின்று பார்க்க வேண்டியதில்லை. பரப்பின் மேலேயே ஊர்ந்து அளந்தால் போதும். ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு அதன் சுற்றளவு 2πr-க்குச் சமமா, குறைவா, கூடுதலா என்று பார்க்க வேண்டும். பூமியையே எடுத்துக்கொள்வோம். வடதுருவத்தை மையமாக வைத்து 10,000 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் அது நிலநடுக்கோடு. தட்டையான பூமியாக இருந்தால் அதன் சுற்றளவு 62,800 கி.மீ. இருந்திருக்க வேண்டும், உண்மையில் இருப்பது 40,000 கி.மீ. இப்படிச் சுற்றளவு குறைந்தால் அது நேர்வளைமை. கிண்ணமும் பந்தும் இந்த வகை. சுற்றளவு மிகுந்தால் எதிர்வளைமை. குதிரைச் சேணம் அப்படிப்பட்டது. நம் கம்பளிப் பூவும் அப்படிப்பட்டதே. துணியை எவ்வளவு மடக்கினாலும், நூலை இழுத்து நீட்டாதவரை, இந்த வளைமை மாறாது என்றும் காஸ் நிறுவினார். நீவி நீவி வைத்தாலும் பூ மறுபடி சிலிர்த்துக்கொள்வதன் காரணம் அதுதான்.

எங்கு பார்த்தாலும் ஒரே அளவு எதிர்வளைமை கொண்ட ஒரு தளம் இருந்தால் அதில் வடிவியல் எப்படி இருக்கும்? ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்பது யூக்ளிடின் கூற்றிலிருந்து வருவது. அதை மற்ற கூற்றுகளிலிருந்து நிறுவிவிடலாம் என்று எத்தனையோ பேர் முயன்று தோற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போல்யாயும் தனித்தனியே துணிந்து சொன்னார்கள்: அந்தப் புள்ளி வழியாக எண்ணற்ற இணைகோடுகள் செல்லும் ஒரு வடிவியலும் முரணின்றி இருக்க முடியும். அதற்கு ஹைப்பர்போலிக் வடிவியல் என்று பெயர் வந்தது. ஆனால் அதைக் கண்ணால் பார்ப்பது எப்படி? அந்த முழுத் தளத்தையும் நம் முப்பரிமாண வெளியில் மழமழப்பான பரப்பாக அமைக்கவே முடியாது என்று 1901-இல் ஹில்பர்ட் நிறுவிவிட்டார். ஒரு துண்டை வேண்டுமானால் செய்யலாம். அமெரிக்கக் கணிதவியலர் வில்லியம் தர்ஸ்டன் காகித வளையப் பட்டைகளை ஒட்டி அப்படி ஒரு துண்டைச் செய்யும் வழியைக் காட்டியிருந்தார். அந்தக் காகித மாதிரி தொட்டால் கிழியும்.

1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்தக் காகித மாதிரியைப் பார்த்தவர் டைனா டைமினா. லாட்வியாவில் பிறந்து வளர்ந்த கணித ஆசிரியர். அந்த நாட்டுப் பெண்களைப் போல அவருக்கும் பின்னல் வேலை சிறுவயதுப் பழக்கம். முதலில் பின்னல் ஊசியில் முயன்றார். கண்ணிகள் பெருகிப்பெருகி ஊசி கொள்ளாமல் போனது. குரோஷாவில் எத்தனை ஆயிரம் கண்ணி வந்தாலும் கொக்கியில் இருப்பது ஒன்றுதான் என்பதால் அதற்கு மாறினார். விதி எளிது: ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போ. ஒவ்வொரு ஐந்து கண்ணிக்கும் ஒன்று கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். 10 கண்ணியில் தொடங்கினால் இருபதாவது வரிசையில் 380-ஐத் தாண்டிவிடும். கடைசி வரிசைகள் முதல் வரிசைகள் எல்லாவற்றையும்விடப் பல மடங்கு நூலைத் தின்னும். முடிவில் கையில் இருப்பது கசக்கினாலும் கிழியாத ஒரு ஹைப்பர்போலிக் தளம். அதை மடித்தால் மடிப்பு விழும் கோடு அந்தத் தளத்தின் நேர்கோடு. டைமினா அந்தக் கோடுகளின் மேல் வேறு நிற நூலை ஓட்டி, ஒரு புள்ளி வழியாகச் செல்லும் பல கோடுகள் வெளியே உள்ள கோட்டை எங்குமே தொடாமல் விலகிப் போவதை மாணவர்களுக்குக் காட்டினார். சமன்பாடாக மட்டும் இருந்த ஒன்று விரலால் தடவிப் பார்க்கும் பொருளாகிவிட்டது. 2009-இல் அவர் எழுதிய நூலுக்கு அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று 2012-இல் ஆய்லர் நூல் பரிசு தந்தது.

இதில் என் மனதுக்கு நெருக்கமான ஒன்று உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க வீடுகளின் மேசைகளில் சுருக்கு விளிம்பு வைத்த குரோஷா விரிப்புகள் சர்க்கரைப் பாகில் நனைத்து விறைப்பாக நிறுத்தப்பட்டிருந்தன. எதிர்வளைமைப் பரப்புகள் பூச்சாடியைச் சுற்றி அழகுக்காக உட்கார்ந்திருந்தன. கணிதம் அறிந்தவர்கள் அவற்றைப் பார்க்கவில்லை. செய்தவர்களிடம் யாரும் கணிதம் பற்றிப் பேசவில்லை. இரண்டும் தெரிந்த ஒருவர் வர வேண்டியிருந்தது. அதன் பிறகு கதவு திறந்துகொண்டது. பிரிஸ்டலில் ஹிங்கே ஒசிங்கா, பெர்ன்ட் கிரௌஸ்காப் என்ற இருவர், குழப்ப இயக்கங்களை விளக்கும் லோரென்ஸ் சமன்பாடுகளிலிருந்து ஒரு பரப்பைக் கணினியில் வளர்த்து, அந்தக் கணக்கையே குரோஷா குறிப்பாக மாற்றினார்கள். 25,511 கண்ணிகளில் அந்தப் பரப்பு உருவானது. மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் 2005 முதல் உலகெங்கும் பல்லாயிரம் கைகளைச் சேர்த்து ஒரு பவளத்திட்டையே குரோஷாவில் வளர்த்து வருகிறார்கள்.

எண்ணிக்கை ஒன்றே பூவின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று நிறுத்திக்கொள்ள முடியாது. நூலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பழைய பனியன் ஒன்றை எடுத்துக் கீழ்ப்பக்கத் தையலுக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டிப் பாருங்கள். வெட்டிய விளிம்பு வெளிப்புறமாகச் சுருளும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வெட்டினால் அந்த விளிம்பு உட்புறமாகச் சுருளும். திருப்பூரில் வட்டப் பின்னல் எந்திரங்களில் ஓடும் துணியும், கையால் ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), ஒரு வரிசை பர்ல் (அதன் மறுபுறப் பின்னல்) என்று மாற்றி மாற்றிப் பின்னும் துணியும் அமைப்பில் ஒன்றே. முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக 'வி' வடிவங்கள், முதுகில் சின்னச் சின்ன வளைவுகள்.

ஒரு கண்ணியின் பாதையைத் தொடர்ந்து போனால் சுருளும் காரணம் விளங்கும். நூல் முதுகிலிருந்து கிளம்பி, கீழ்க் கண்ணியின் வழியாக முன்னால் வந்து, கால் போல மேலேறி, மறுபடி முதுகுக்குப் போய்த் தலை வளைவாகத் திரும்புகிறது. மேல்கீழ்த் திசையில் பார்த்தால் நூல் முன்பக்கம் புடைத்த வில். குறுக்குத் திசையில் பார்த்தால் பின்பக்கம் புடைத்த வில். வளைத்த கம்பி நிமிரப் பார்ப்பதைப் போல நூலும் நிமிரப் பார்க்கிறது. முன்பக்கம் புடைத்த வில் நிமிர முயலும்போது அதன் இரு முனைகளும் முன்னால் வருகின்றன. ஆகவே மேல், கீழ் விளிம்புகள் முன்பக்கம் சுருளுகின்றன. பக்க விளிம்புகளுக்கு எல்லாம் தலைகீழ். ஒரு திசையில் முன்னாலும் மறுதிசையில் பின்னாலும் வளையத் துடிப்பது சேணத்தின் குணம் அல்லவா? ஒவ்வொரு கண்ணியும் தன்னளவில் ஒரு குட்டிச் சேணமாக இருக்க ஏங்குகிறது. பக்கத்துக் கண்ணிகள் பிடித்துக்கொண்டிருப்பதால் துணியின் நடுப்பகுதி தட்டையாக இருக்கிறது. பிடிக்க ஆளில்லாத விளிம்பில் அந்த ஏக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. எல்லா வரிசையையும் நிட் ஆகவே பின்னினால் முன்னும் பின்னும் மாறி மாறி வந்து ஒன்றை ஒன்று அடக்கிவிடும். அந்தத் துணி சுருளாது.

பருத்தி நூலை இழுத்தால் சில சதவீதம் நீண்டதுமே அறுந்துவிடும். அதே நூலில் பின்னிய பனியனோ குறுக்கே இழுத்தால் தாராளமாக அகலும். நீளாத நூலிலிருந்து நீளும் துணி எப்படி வருகிறது? கண்ணியில் இருக்கும் நூலின் நீளம் மாறுவதில்லை, வளைவின் வடிவம்தான் மாறுகிறது. இந்த ஓர் எண்ணத்தை அடித்தளமாக வைத்து, பாரிசின் எக்கோல் நார்மால் கல்லூரியில் புவாங்க்லூவும் அவர் கூட்டாளிகளும் 2018-இல் பின்னல் துணியின் மீள்திறனுக்கு ஒரு கோட்பாடு அமைத்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு, ஒரே நூலில் நிட், பர்ல் அடுக்கை மட்டும் மாற்றினால் துணியின் விறைப்பு எவ்வளவு மாறுகிறது என்று அளந்து வருகிறது. பாட்டி சொல்லிக்கொடுத்த கைப்பக்குவத்துக்கு இப்போது இயற்பியலாளர்கள் சமன்பாடு எழுதுகிறார்கள். இது வெகு முன்பே நடந்திருக்க வேண்டியது.

நூல் எது என்பதும் முக்கியம். ஆட்டுக் கம்பளி கெரட்டின் என்ற புரதம். நனைத்தால் அதன் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுக்கொடுக்கும்; காயும்போது புது இடத்தில் பிடித்துக்கொள்ளும். எனவே ஈரத்தில் இதழ்களை வேண்டியபடி நிறுத்திக் குண்டூசி குத்திக் காயவைத்தால் அப்படியே நிற்கும். நம் கடைகளில் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதற்கு ஈரம் போதாது, வெப்பம் வேண்டும். ஆனால் நீராவி இஸ்திரிப் பெட்டியை அழுத்தி வைத்தால் துள்ளல் நிரந்தரமாகப் போய்த் துணி துவண்டுவிடும். சற்றுத் தள்ளிப் பிடித்து ஆவி மட்டும் காட்ட வேண்டும். பருத்தி நூலில் செய்த பூவுக்குக் கெட்டியான கஞ்சியே போதும்.

உண்மைப் பூவுக்கு வருவோம். செடியில் கண்ணி எண்ணுகிறவர் யார்? செல்கள்தான். இதழின் விளிம்பில் உள்ள செல்கள் நடுவில் உள்ளவற்றைவிட அதிகம் பெருகினாலோ நீண்டாலோ விளிம்பு மிகுந்து அலையாகும். ஸ்நாப்டிராகன் செடியில் ஒரு மரபணு பழுதானால் தட்டையாக இருக்க வேண்டிய இலை விளிம்பில் நெளிந்து போகிறது. வளர்ச்சியை நிறுத்தும் தகவல் விளிம்புக்குச் சரியாகப் போய்ச் சேராமல், அங்கே செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதே காரணம் என்று 2003-இல் உத்பல் நாத், என்ரிக்கோ கோயன் முதலியோர் காட்டினார்கள். நாத் இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். இலை தட்டையாக இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் கண்டது மாறானது: தட்டையாக வளர்வதே கடினம். ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஆறு கூட்டுவதைப் போன்ற கட்டுப்பாடு செடிக்கும் வேண்டும்.

மரபணுவே இல்லாத பொருளிலும் இது நடக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எரான் ஷாரோனும் ஹாரி ஸ்வின்னியும் உடனிருந்தோரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நிதானமாகக் கிழித்துப் பார்த்தார்கள். கிழிந்த விளிம்பு இழுபட்டு நீண்டுவிடுவதால் அலை மேல் அலையாகச் சுருங்கி நின்றது. 2002-இல் இது நேச்சர் இதழில் வந்தது. தட்டையாக வளரும் கத்தரி இலையின் விளிம்பில் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தடவி அதையும் அலையாக்கிக் காட்டினார்கள். மொட்டு விரிவதும் இதே கணக்குதான். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பணிபுரியும் மகாதேவன், லியாங் என்பவரோடு சேர்ந்து லில்லி மொட்டை ஆராய்ந்தார். இதழின் நடுநரம்பு தள்ளுவதால் மொட்டு திறக்கிறது என்ற எண்ணம் இருந்தது. விளிம்பு கூடுதலாக வளர்வதே இதழை வெளிப்புறம் புரட்டித் திறக்கிறது என்று 2011-இல் இருவரும் காட்டினார்கள்.

நம் வேலியோரத்திலேயே இதற்கு அருமையான சான்று உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் ஆறு இதழ்களும் விளிம்பெல்லாம் நெளிந்து, நுனி பின்னோக்கி வளைந்து நிற்கும். கோழிக்கொண்டைப் பூவோ மடிப்புக்குள் மடிப்பாக டைமினாவின் குரோஷாவைப் போலவே இருக்கும்.

காந்தளை ஊக்குப் பூவாகப் பின்ன விரும்புகிறவர்களுக்கு மேலே சொன்ன இரண்டும், அதாவது நூலின் சுருளலும் விளிம்பின் மிகுதியும், வேண்டும். அடியிலிருந்து நுனிவரை ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று குறுகிய சிவப்புப் பட்டை ஒன்றைப் பின்னுங்கள். 'வி' தெரியும் முகப்பைப் பின்னால் திருப்பி, பர்ல் பக்கம் பார்ப்பவருக்குத் தெரியும்படி வையுங்கள். நுனி முகப்பை நோக்கிச் சுருளும் இயல்புடையது. ஆகவே சொல்லாமலே பின்னோக்கி வளையும். பிறகு இரு பக்கவாட்டிலும் மஞ்சள் நூலால் கண்ணிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக்கி, அடுத்த வரிசையிலேயே முடித்துவிடுங்கள். நடு நரம்பு பழைய நீளத்திலேயே நிற்க, விளிம்பு மட்டும் இரட்டிப்பதால் நெளிவு வந்துவிடும். இப்படி ஆறு இதழ் செய்து அடியில் சேர்த்துத் தைத்தால் காந்தள்.

இனி ஊக்கு. வளைத்த கம்பி நிமிரப் பார்க்கும் விசைதான் அதன் உயிரும். 1849-இல் நியூயார்க்கின் வால்டர் ஹன்ட் ஒரே கம்பியை நடுவில் சுருட்டி வில்லாக்கி, நுனிக்கு ஒரு தொப்பியும் வைத்துக் காப்புரிமை வாங்கினார். அதை 400 டாலருக்கு விற்றுவிட்டார். கம்பிச் சுருளின் விசையில் பூட்டிக்கொள்ளும் உடை ஊசிகள் கிறிஸ்துவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மத்தியதரைக் கடலோரங்களில் இருந்தன. ஹன்ட் புதிதாகச் சேர்த்தது விரலைக் குத்தாத அந்தத் தொப்பி.

பூவின் முதுகில் ஊக்கை நட்டநடுவில் தைக்கக் கூடாது. நடுவில் தைத்தால் பித்தானின் எடை முன்னால் இழுத்து, பூ தலை கவிழ்ந்து தொங்கும். மையத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, குறுக்குவாட்டில், அசையாத கீழ்க்கம்பியை மட்டும் நூலால் சுற்றித் தைத்தால் எடை ஊக்குக்குக் கீழே விழும். பூ துணியோடு ஒட்டி நேராக நிற்கும்.